மூக்கே சாட்சி

நீலகிரித் தைலத்துக்கு நீலகிரி பிறந்த ஊர் அல்ல, புகுந்த ஊர். கன்னடத்தில் அதைத் தரும் யூகலிப்டஸ் மரத்துக்கே நீலகிரி என்றுதான் பெயர். தெலுங்கிலும் இந்தியிலும் எண்ணெயை அந்தப் பெயரைச் சொல்லித்தான் கடையில் கேட்கிறார்கள். ஆனால் மரம் ஆஸ்திரேலியாவுக்கும் அதன் தெற்கே கிடக்கும் டாஸ்மேனியாத் தீவுக்கும் உரியது. ஐரோப்பியர் அங்கே குடியேறிய 1788ஆம் ஆண்டில்தான் அதன் இலையிலிருந்து முதன்முதலில் எண்ணெய் வடித்த செய்தி கிடைக்கிறது. அடுத்த நூறு ஆண்டுக்குள் அந்த எண்ணெய் மெல்போர்னிலிருந்து லண்டன் வரை வீட்டு அலமாரிகளில் இடம்பிடித்துவிட்டது. சளி, காய்ச்சல், மூட்டுவலி, வயிற்றுவலி, வெட்டுக்காயம், அறையில் தங்கிய நோய்க்காற்று என எதற்கும் அதே புட்டிதான் இறங்கியது. இவ்வளவு குறுகிய காலத்தில் ஒரு புது மருந்து இத்தனை வீடுகளில் எப்படி நுழைந்தது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கமாகச் சொல்லப்படும். ஒன்று, அது குணப்படுத்தியது. மற்றது, அது நன்றாக விளம்பரம் செய்யப்பட்டது. இரண்டிலும் உண்மை உண்டு, ஆனால் இரண்டும் போதாது. அந்த எண்ணெயை வீட்டுக்குள் அழைத்து வந்ததும், மருத்துவக் கொள்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறியபோதும் அதை வெளியே போகவிடாமல் காத்ததும் அதன் மணம்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் சான்று தொடக்கத்திலேயே இருக்கிறது. கைதிகளை ஏற்றிக்கொண்டு சிட்னிக்கு வந்த முதல் கப்பல் தொகுதியில் ஜான் வைட் தலைமை மருத்துவராகவும், டெனிஸ் கான்சிடன் உதவி மருத்துவராகவும் இருந்தனர். கொண்டுவந்த மருந்துகள் கையிருப்பில் குறைய, சுற்றியிருந்த காட்டில் எது மருந்தாகும் என்று அவர்கள் தேடினார்கள். ஒரு மரத்தின் இலையைக் கசக்கியபோது இங்கிலாந்தின் பெப்பர்மின்ட் வாசனை அடித்தது. அதற்குப் பெப்பர்மின்ட் மரம் என்று பெயரிட்டார்கள். எண்ணெய் வடித்து, 1788 நவம்பரில் கான்சிடன் அதை லண்டனிலிருந்த தாவர அறிஞர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். 1790இல் வெளிவந்த வைட்டின் நூல் அந்த எண்ணெயை எதற்குப் பரிந்துரைத்தது தெரியுமா? சளிக்கு அல்ல, வயிற்று வலிக்கு. இங்கிலாந்தில் பெப்பர்மின்ட் வயிற்றுக்கு மருந்து. அதே வாசனையுள்ள இலையும் வயிற்றுக்கே மருந்தாக வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு எட்டிய தர்க்கம். எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதை மூக்கு முடிவு செய்த முதல் சந்தர்ப்பம் இது. பிற்காலத்தில் கற்பூர மணம் ஓங்கிய வேறு இனங்களின் எண்ணெய் சந்தையைப் பிடித்தபோது, பயன்பாடும் வயிற்றை விட்டு நெஞ்சுக்கு ஏறியது.

அந்த முதல் முயற்சிக்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த எண்ணெய் வணிகமாகவில்லை. அதை வணிகமாக்கியவர் ஜோசப் பொசிஸ்டோ. இங்கிலாந்தில் மருந்தாளராகப் பயின்று 1848இல் அடிலெய்டுக்கு வந்தவர். 1851இல் விக்டோரியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் அங்கே போய், பின்பு மெல்போர்னின் ரிச்மண்ட் பகுதியில் மருந்துக்கடை வைத்தார். 1853இல் விக்டோரியா அரசின் தாவரவியலாளராகப் பொறுப்பேற்ற ஃபெர்டினாண்ட் வான் முல்லர் அவரைத் தூண்டினார். 1850களின் முற்பகுதியில் டான்டினாங் ஓடைக்கரையில் பொசிஸ்டோவின் காய்ச்சும் கூடம் எழுந்தது. தொழிலில் மர்மம் எதுவும் இல்லை. யூகலிப்டஸ் இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ப் பைகள். கொப்பும் இலையுமாக வெட்டி வந்து தொட்டியில் திணித்து மிதிப்பார்கள். அடியிலிருந்து நீராவி ஏறும்போது பைகள் வெடித்து எண்ணெயும் ஆவியோடு கிளம்பும். ஓடைத் தண்ணீரில் மூழ்கிய சுருள்குழாய் வழியே போகும்போது இரண்டும் குளிர்ந்து சொட்டும். தண்ணீர் அடியில் நிற்க, எண்ணெய் மேலே மிதக்கும். இனத்தைப் பொறுத்து 100 கிலோ இலைக்கு ஒன்றிரண்டு கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல விளைச்சல். சக்கையை உலர்த்தி அடுத்த ஈட்டுக்கு அடுப்பெரிக்கலாம். வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்த்துவிடும். இலைக்கு விலை இல்லாத நாட்டில் இதைவிட மலிவாகத் தயாராகும் மருந்து கிடையாது. 1862இல் லண்டனில் நடந்த உலகக் கண்காட்சியில் விக்டோரியாவின் எண்ணெய்கள் வரிசையாக வைக்கப்பட்டன.

மலிவு இருந்தால் போதுமா? வாங்குகிறவர் மனத்தில் இடம் வேண்டும். அந்த இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அழுகலிலிருந்தும் சதுப்பு நிலத்திலிருந்தும் எழும் கெட்ட காற்றே நோயைக் கொண்டுவருகிறது என்று அன்றைய ஐரோப்பா நம்பியது. மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். இங்கிலாந்தின் சுகாதாரச் சீர்திருத்தத்தை முன்னின்று நடத்திய எட்வின் சாட்விக், கடுமையான நாற்றம் எதுவும் நோயே என்று 1846இல் பாராளுமன்றக் குழுவிடம் சொன்னார். 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல், பாராளுமன்றத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள். நாற்றமே நோய் என்றால், நாற்றத்தை அடக்கும் நறுமணம் மருந்தாவது இயல்பு. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டால் அறை முழுவதையும் ஆளும் எண்ணெய் அந்தக் கொள்கைக்கென்றே செய்ததுபோல் வந்து சேர்ந்தது. பொசிஸ்டோவே இதை வெளிப்படையாக வாதாடினார். யூகலிப்டஸ் காய்ச்சலை அழிக்கும் மரமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து 1874இல் விக்டோரியாவின் ராயல் சொசைட்டியில் அவர் கட்டுரை படித்தார். காடுகளின் இலைகளில் எவ்வளவு எண்ணெய் இருக்கும் என்று கணக்குப் போட்டு, அது ஆவியாகக் கலந்து நாட்டின் காற்றையே தூய்மைப்படுத்துகிறது என்றார். எண்ணெய் விற்பவர் சொன்ன வாதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. கற்றோர் பலரும் அப்போது அப்படித்தான் நினைத்தார்கள்.

அதற்கு அத்தாட்சி, மரமே உலகம் சுற்றியது. முல்லர் நாடு நாடாக விதை அனுப்பினார். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் சதுப்பு நிலங்களில் நட்டார்கள். ரோமுக்கு வெளியே, காய்ச்சலுக்குப் பேர்போன ட்ரே ஃபோன்டானே மடத்தில் 1868இல் குடியேறிய டிராப்பிஸ்ட் துறவிகள் யூகலிப்டஸ் தோப்பை வளர்த்தார்கள். அதன் இலையில் மதுவும் வடித்தார்கள். காய்ச்சல் மரம் என்ற பெயர் பரவியது. தோப்பு வளர்ந்த இடங்களில் காய்ச்சல் குறைந்தது பல இடங்களில் உண்மையே. வேகமாக வளரும் மரம் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சியது, கூடவே வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார்கள், கொசு முட்டையிடத் தேங்கிய நீர் இல்லாமல் போனது. பார்த்தவர்களோ பெருமையை இலையின் மணத்துக்குக் கொடுத்தார்கள். 1880களின் தொடக்கத்தில் அதே மடத்தில் காய்ச்சல் மீண்டும் தலைதூக்கியபோதும் நம்பிக்கை தளரவில்லை. காய்ச்சலுக்கு உண்மையான மருந்தான குயினைன் இந்த மரத்திலும் இருக்கிறது என்ற பேச்சும் கிளம்பியது. குயினைன் தரும் சின்கோனாத் தோட்டங்களுக்காகச் சென்னை அரசு உதகமண்டலத்தில் அமர்த்தியிருந்த வேதியியலாளர் ஜான் பிராட்டன் சோதித்துப் பார்த்து, அப்படி எதுவும் இல்லை என்று அறிவித்தார். ஆய்வுக்கூடம் கைவிரித்த பிறகும் காய்ச்சல் மரம் என்ற பெயர் நீடித்தது. மூக்கு சொன்னதை வேதியியல் மறுத்தபோது மக்கள் மூக்கையே நம்பினார்கள்.

இனி வாதத்தின் மையத்துக்கு வரலாம். 1880இல் பிரெஞ்சு மருத்துவர் லாவரான் மலேரியா நோயாளியின் இரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897இல் ரொனால்ட் ராஸ் சிகந்திராபாத்தில் அதைக் கொசுவின் வயிற்றில் கண்டார். காலராவும் காசநோயும் கிருமிகளால் வருகின்றன என்பது அதற்குள் உறுதியாகிவிட்டது. கெட்ட காற்றுக் கொள்கை இருபது ஆண்டுக்குள் சரிந்தது. அதை நம்பி வீட்டுக்குள் வந்த எண்ணெயும் கூடவே வெளியேறியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. எண்ணெய் சட்டையை மாற்றிக்கொண்டது. நேற்றுவரை கெட்ட காற்றை விரட்டிய பொருள், இன்று கிருமிநாசினி ஆனது. அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரே, கார்பாலிக் அமிலத்தின் கடுமையைத் தவிர்க்க, 1880களின் தொடக்கத்தில் யூகலிப்டஸ் எண்ணெய் ஏற்றிய காயத்துணியைப் பயன்படுத்திப் பார்த்தார். 1885இல் பிரிட்டிஷ் மருந்துத் தொகுப்பு நூல் அந்த எண்ணெயைச் சேர்த்துக்கொண்டது. 1889–90இல் இன்ஃப்ளூயன்சா உலகைச் சுற்றியபோது கைக்குட்டையில் இந்த எண்ணெயைத் தெளித்துக்கொண்டு வெளியே போவது பலருக்கு வழக்கமானது. கெட்ட காற்றை எதிர்க்கத் தெளித்தார்களா, கிருமியை எதிர்க்கத் தெளித்தார்களா என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. தெளித்த கையும் கைக்குட்டையும் மணமும் மாறவில்லை. மாறியது காரணம் மட்டும்தான். கொள்கைகள் வாடகைக்கு வந்து போயின, மணம் சொந்த வீட்டில் இருந்தது.

வீட்டில் அது எப்படிப் புழங்கியது என்பதை அருகே போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1860களில் லண்டனில் டாக்டர் நெல்சன் பெயரில் ஒரு பீங்கான் ஜாடி விற்பனைக்கு வந்தது. உருண்டையான வயிறு, பக்கத்தில் காற்று நுழைய ஒரு துளை, வாயை அடைக்கும் தக்கை, தக்கைக்குள் செருகிய வளைந்த கண்ணாடிக் குழாய். பாதி அளவு கொதிநீர் ஊற்றி மருந்துச் சொட்டுகளை விட்டு, குழாயில் வாய்வைத்து இழுக்க வேண்டும். ஜாடி வாங்க முடியாதவர்கள் கிண்ணமும் துண்டும் கொண்டு அதையே செய்தார்கள். தொண்டைக் கட்டுக்குச் சர்க்கரைக் கட்டியில் சில சொட்டுகள். நெஞ்சில் தேய்க்க வேறொரு எண்ணெயோடு கலவை. நோயாளியின் அறையில் சற்றுத் தெளிப்பு, தலையணை ஓரத்தில் ஒரு துளி. இத்தனைக்கும் பொதுவானது ஒன்றுதான். மருந்து வேலை செய்கிறது என்பதை அந்த நொடியே மூக்கு அறிவித்துவிடுகிறது. குயினைன் கசக்கும், பலன் தெரிய நாளாகும். பேதி மருந்து வேலை செய்யும்போது வீடே கலவரப்படும். இந்த எண்ணெயோ வலிக்காமல், காத்திருக்க வைக்காமல், போட்ட மறுகணம் தன் வருகையைச் சொல்லும். தலைமாட்டில் அமர்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் தாய்க்கு, எதையோ செய்தோம் என்ற உறுதியை இவ்வளவு உடனடியாகத் தந்த பொருள் அந்த அலமாரியில் அதிகம் இல்லை.

முதல் ஆட்சேபம் இங்கே எழும். மணம், மணம் என்கிறீர்களே, எண்ணெய்க்கு உண்மையிலேயே குணம் உண்டே. உண்டு. 1870இல் பிரெஞ்சு வேதியியலாளர் குளோயஸ் பிரித்தெடுத்து யூகலிப்டால் என்று பெயரிட்ட பொருள்தான் இன்று சினியோல் எனப்படுகிறது. அதற்கு மிதமான கிருமிநாசினித் தன்மை உண்டு. அளந்து உறையில் அடைத்துக் கொடுத்து நடத்திய இக்காலச் சோதனைகள் சில, சைனஸ் அழற்சியிலும் மூச்சுக்குழல் அழற்சியிலும் பயனைக் காட்டியுள்ளன. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் வீட்டுப் புழக்கத்தை இது விளக்காது. பொசிஸ்டோ முதலில் பெரிய அளவில் விற்ற எண்ணெய், அக்காலத்தில் அமிக்டலினா என்று அழைத்த, ஒடுங்கிய இலையுள்ள பெப்பர்மின்ட் வகை மரத்திலிருந்து வந்தது. அதில் ஃபெல்லாண்ட்ரீன் என்ற வேறொரு பொருள்தான் மிகுதி, சினியோல் குறைவு. 1885ஆம் ஆண்டின் மருந்து நூல் இந்த எண்ணெயையும் சினியோல் மிகுந்த, குளோபுலஸ் என்ற வேறோர் இனத்தின் எண்ணெயையும் ஒரே பெயரில் ஏற்றது. 1898 பதிப்பில்தான் ஃபெல்லாண்ட்ரீன் மிகுந்த எண்ணெயைக் கழித்துக்கட்டும் சோதனை சேர்ந்தது. 1902இல் சிட்னியின் பேக்கரும் ஸ்மித்தும் நூற்றுக்கு மேற்பட்ட யூகலிப்டஸ் இனங்களின் எண்ணெய்களை ஆராய்ந்து நூலாக்கியபோது, ஒரே பெயரின் கீழ் எத்தனை வேறு வேறு திரவங்கள் விற்பனையில் இருந்தன என்பது வெளிச்சமானது. பல ஆண்டுகள் உள்ளே இருந்த பொருள் வேறு வேறாக இருந்தும், புகழ் ஒரே சீராக வளர்ந்தது என்றால், அந்தப் புகழைத் தாங்கியது சினியோலின் மருந்துக் குணம் மட்டுமாக இருக்க முடியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கற்பூரம், யூகலிப்டஸ், மென்தால் ஆகியவற்றின் ஆவியை முகர்ந்தவர்களின் மூக்கில் காற்றோட்டத்தை அளந்தது. அடைப்பு அளவில் குறையவில்லை. ஆனால் மூச்சு இலகுவானதாக முகர்ந்தவர்கள் உணர்ந்தார்கள். அந்த உணர்வு பொய்யல்ல. நோயாளிக்கு அதுவே பெரிய ஆறுதல். ஆனாலும் அது மூக்கின் சாட்சி, நுரையீரலின் சாட்சி அல்ல.

இரண்டாவது ஆட்சேபம் வணிகத்தைப் பற்றியது. கிளிச் சின்னம் பதித்த பொசிஸ்டோவின் புட்டிகள் கடல் கடந்தன. 1886இல் லண்டனில் நடந்த காலனி, இந்தியக் கண்காட்சிக்கு விக்டோரியாவின் சார்பில் முன்னின்றவரும் அவரே. போட்டி நிறுவனங்கள் போலிகளைப் பற்றி எச்சரித்துப் பத்திரிகைகளில் இடம் வாங்கின. எனவே இது விளம்பரத்தின் வெற்றி என்று சொல்லலாம். விளம்பரம் ஒரு புட்டியை வீட்டுக்குள் கொண்டுவரும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பத்திரிகைகளின் அதே பக்கங்களில் இரத்தசுத்தி மாத்திரைகளும் நரம்பு டானிக்குகளும் மின்சார இடுப்புவார்களும் இதைவிட உரக்கக் கூவின. அவை எங்கே? இரண்டாவது புட்டியை வாங்க வைப்பது விளம்பரம் அல்ல, முதல் புட்டி தந்த அனுபவம். மூன்றாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. இந்த அறிவு ஆஸ்திரேலியப் பழங்குடிகளுடையது, குடியேறியவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது. இலைப்புகையையும் இலைக் கஷாயத்தையும் மரப்பிசினையும் அவர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தினார்கள் என்பதில் ஐயமில்லை. அந்தக் கடனைக் கணக்கில் எழுதாமல் விட்டது காலனி வரலாற்றின் குறை. ஆனால் இது என் வாதத்தை முறிக்கவில்லை. நெருப்பில் பச்சிலையைப் போட்டு எழும் புகையை நோயாளி மேல் படவிட்டவர்களும் மணத்தின் வழியாகத்தான் மருந்தை அறிந்தார்கள். வடிகலன் புதிது, மூக்கு பழையது.

நீலகிரிக்குத் திரும்பினால் இதே கதை வேறு வழியில் நடந்திருப்பதைக் காணலாம். அங்கே மரம் மருந்துக்காக வரவில்லை, விறகுக்காக வந்தது. உதகமண்டலத்தில் பங்களாக்கள் பெருகி, குளிருக்கு எரித்து எரித்துச் சோலைக்காடுகள் அழிந்துகொண்டிருந்தன. 1843இல் கேப்டன் காட்டன் புளூகம் எனப்படும் குளோபுலஸ் இனத்தைக் கொண்டுவந்தார். 1863இல் அங்கே ஆரம்பி என்ற இடத்தில் அரசுத் தோட்டம் எழுந்தது. விறகுக்கு மரம் வெட்டிய பிறகு குவிந்து கிடந்த இலைதான் தைலமானது. தமிழ் வீட்டுக்கு அது வந்தபோது, கெட்ட காற்றுக் கொள்கையும் தேவைப்படவில்லை, கிருமிக் கொள்கையும் தேவைப்படவில்லை. நொச்சி இலையைக் கொதிக்கவிட்டு, தலையோடு போர்வை போர்த்தி வேது பிடிக்கும் வழக்கம் இங்கே இருந்தது. நொச்சி போட்ட பானையில் தைலச் சொட்டு விழுந்தது, அவ்வளவுதான். பெயரும் பழைய வீட்டிலிருந்தே கிடைத்தது. தைலம் என்பது திலம், அதாவது எள், என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நல்லெண்ணெயில் மூலிகைச் சாற்றை விட்டுக் காய்ச்சுவதே நம் மருத்துவத்தில் தைலம். ஆவியில் வடித்த இந்தத் திரவத்தில் எள்ளும் இல்லை, பக்குவம் பார்த்துக் காய்ச்சுவதும் இல்லை. ஆனாலும் நெஞ்சில் தேய்க்கவும் நெற்றியில் தடவவும் உதவுவது என்பதால் அது தைலம் ஆனது. அந்நிய மருந்து ஒரு வீட்டில் தங்க வேண்டுமானால் அந்த வீட்டின் பழைய பழக்கம் ஒன்று அதற்குப் பாய் விரிக்க வேண்டும். லண்டனில் பீங்கான் ஜாடி விரித்தது, இங்கே வேதுப் பானை.

மூக்கின் தீர்ப்புக்கு விலையும் உண்டு. நறுமணம் உள்ளது நல்லது என்ற நம்பிக்கையில் அதே எண்ணெயை வாய்வழியே தாராளமாகக் கொடுத்தவர்கள் உண்டு. விழுங்கினால் அது நஞ்சு. குழந்தைக்குச் சில மில்லி லிட்டரே மயக்கத்தையும் வலிப்பையும் வரவழைக்கும். உயிரிழப்புகள் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே மருத்துவ இதழ்களில் பதிவாயின. மணத்தைக் கொண்டு மருந்தை நம்பியவர்களுக்கு, மணத்தைக் கொண்டு அளவை அறிய வழியில்லை. அதைச் சொல்லித் தர மருந்து நூல்தான் வேண்டியிருந்தது. எனவே மூக்கை மட்டும் கொண்டாடுவது இக்கட்டுரையின் நோக்கம் அல்ல. வீட்டு மருந்தின் வரலாற்றை எழுதும்போது, மருத்துவர்கள் என்ன காரணம் சொன்னார்கள் என்பதோடு நிறுத்திவிடக் கூடாது, முகர்ந்தவர்கள் எதை உணர்ந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்பதே. தாவரவியலாளர்கள் பூமொட்டின் மூடியைப் பார்த்து யூகலிப்டஸ் என்றார்கள். அந்தக் கிரேக்கப் பெயருக்கு நன்றாக மூடியது என்று பொருள். வணிகர்கள் மலையின் பெயரைப் போட்டு விற்றார்கள். நீலகிரியில் வழங்கும் தமிழ்ப் பெயர்களில் ஒன்றோ கற்பூர மரம் என்பது. கற்பூரத்துக்கும் இந்த மரத்துக்கும் தாவர உறவு கிடையாது. இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்த யாரோ வைத்த பெயர் அது. சிட்னியில் கான்சிடனும் வைட்டும் பெப்பர்மின்ட் என்று பெயரிட்டதும் அதே முறையில்தான்.